இது யார் போட்ட பலகை?



எழுதப் படிக்கக் கற்ற பிறகு நீங்கள் முதன்முதலில் எதைப் படித்தீர்கள்? நான் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். "பஸ் பலகை" என்பார்கள். "கடைப் பெயர்" என்பார்கள். புத்தகத்தைச் சொல்பவர்கள் குறைவு. அதில் தப்பில்லை. எழுத்து அதிகமாக இருப்பது தெருவில்தான். இன்று அந்தத் தெரு எழுத்தைப் பற்றிப் பேசலாம். அதிலும் "செய்யாதே", "நுழையாதே", "அபாயம்" என்று சொல்லும் பலகைகளைப் பற்றி.

போன வருடம் நான் ஹைதராபாத் போயிருந்தேன். என் மகன் அங்கே குகட்பள்ளியில் குடியிருக்கிறான். ஒரு காலத்தில் அது நகரத்துக்கு வெளியே, மும்பை போகும் சாலையில் இருந்த சின்ன ஊர். பிறகு சுற்றிலும் தொழிற்சாலைகள் வந்தன. வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு வந்தது. ஊர் நகராட்சி ஆனது. 2007இல் அந்த நகராட்சியை ஹைதராபாத் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். 2017 நவம்பரில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது.

ஊர் பெருத்தால் பலகையும் பெருகும். சின்ன ஊரில் எதற்குப் பலகை? "அந்தக் கிணற்றுப் பக்கம் போகாதே, கரை சரிந்து கிடக்கிறது" என்று ஒரு பாட்டி சொல்லிவிடுவார். நாமும் கேட்டுக்கொள்வோம். நாலு திசையிலிருந்தும் வந்து குடியேறிய இடத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. அதனால் வாயால் சொல்ல வேண்டியதை எல்லாம் சுவரில் எழுதிவிடுகிறார்கள்.

மெட்ரோ நிலையத்திலிருந்து மகன் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. ஒருநாள் வழியில் இருந்த தடைப் பலகைகளை எண்ணிக்கொண்டே போனேன். முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

எண்ணினேனே தவிர, படித்தேன் என்று சொல்ல முடியாது. சில பலகைகளில் ஆங்கிலமும் இருந்தது. பலவற்றில் தெலுங்கு மட்டும்தான். எனக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. நாற்பது வருடமாகப் புத்தகமும் கையுமாக இருந்தவன் நான். அங்கே கைநாட்டு ஆகிவிட்டேன்! சுவரில் ஏதோ கோபமாக எழுதியிருக்கிறது. என்ன என்று தெரியவில்லை. பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. உங்களில் பலர் எத்தனை வருடம் இப்படி நடந்திருப்பீர்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தவை வடிவமும் நிறமும். சாலைப் பலகைகளுக்கு நாடு முழுவதும் ஒரே முறைதான். சிவப்பு விளிம்போடு வட்டமாக இருந்தால், பெரும்பாலும் அது ஏதோ ஒன்றைத் தடுக்கிறது. சிவப்பு விளிம்போடு முக்கோணமாக இருந்தால் எச்சரிக்கை. முன்னால் வளைவு, பள்ளிக்கூடம், வேகத்தடை என்று ஏதோ வருகிறது. நீல வட்டம் என்றால் இப்படித்தான் போக வேண்டும் என்ற கட்டளை. நீலச் செவ்வகம் தகவல் சொல்கிறது. "நில்" என்ற பலகைக்கு மட்டும் எட்டு மூலை. பின்பக்கமிருந்து பார்த்தாலும் அதை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

மின்சாரப் பலகையும் அப்படித்தான். மண்டை ஓடும் எலும்பும் வரைந்திருக்கும். அந்தப் படம் கட்டாயம் இருக்க வேண்டும், உள்ளூர் மொழியிலும் எழுத வேண்டும் என்று விதியே இருக்கிறது. படிக்கத் தெரியாதவரும் உயிர் பிழைக்க வேண்டும் அல்லவா?

ஆனால் குகட்பள்ளியில் நான் பார்த்த ஒரு டிரான்ஸ்பார்மரில் மண்டை ஓடு பாதிதான் தெரிந்தது. மீதியை ஒரு விடுதி நோட்டீஸ் மறைத்துக்கொண்டிருந்தது. அங்கே வேலை தேடி வரும் பிள்ளைகள் அதிகம். அதனால் விடுதிகளும் அதிகம். விடுதி நோட்டீஸ் மேல் கம்ப்யூட்டர் வகுப்பு நோட்டீஸ். அதன் பக்கத்திலேயே "நோட்டீஸ் ஒட்டக் கூடாது" என்று இன்னொரு நோட்டீஸ்! இத்தனைக்கும் நடுவில் உயிரைக் காக்கும் பலகை எது என்று எப்படித் தெரியும்? முப்பது பலகை அதட்டினால் முப்பத்தோராவது பலகையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

எனக்குத் தெலுங்குப் பலகைகளைப் படித்துச் சொன்னவர் யார் தெரியுமா? மகன் வீட்டில் வேலை செய்யும் அம்மா. குப்பம் பக்கத்துக்காரர். தமிழும் பேசுவார். இரண்டு வருடத்துக்கு முன்புதான் மாலை வகுப்பில் தெலுங்கு எழுத்து கற்றுக்கொண்டார். கடைக்குப் போகும்போது நானும் கூடப் போவேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழில் சொல்வார்.

ஒரு வீட்டு வாசலில் இப்படி எழுதியிருந்தது: "இங்கே வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்." இருவரும் சிரித்துவிட்டோம். ஒரு வீட்டு வாசலை மறித்து வண்டியை நிறுத்துவது தப்புதான். பலகை இல்லாவிட்டாலும் தப்பு. போக்குவரத்து விதியிலேயே அது இருக்கிறது. ஆனால் அடுத்தவர் வண்டியில் காற்றைப் பிடுங்க அந்த வீட்டுக்காரருக்கு எந்தச் சட்டம் உரிமை கொடுத்தது? பொதுச் சாலையில் போக்குவரத்துப் பலகை வைக்கும் அதிகாரம் அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கும்தான் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

பிறகு வீட்டுக்கு வந்தோம். அடுக்குமாடிக் கட்டடம். மகன் வீடு ஐந்தாவது மாடியில். லிஃப்ட் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. "இதில் என்னம்மா எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன். அவர் உடனே சொல்லவில்லை.

"இது எனக்குத்தான் சார் எழுதியிருக்கு" என்றார்.

வீட்டு வேலைக்காரர்கள், டிரைவர்கள், சாமான் கொண்டுவருகிறவர்கள் அந்த லிஃப்டில் ஏறக் கூடாதாம். ஏறினால் அபராதமாம்.

"எழுத்து தெரியாத வரைக்கும் இதுலதான் சார் போய்க்கிட்டிருந்தேன். யாரும் ஒண்ணும் சொல்லலை. ஒருநாள் எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டேன். அன்னையிலேருந்து படியில ஏறுறேன்."

நண்பர்களே, என்னால் பதில் பேச முடியவில்லை. படிப்பு அந்த அம்மாவுக்குக் கொடுத்தது ஐந்து மாடி ஏற்றமா?

அன்று மாலை நாங்கள் மூவரும், அதாவது நான், மகன், அந்த அம்மா, உட்கார்ந்து பேசினோம். நான் அவருக்கு வைக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அது கேரளத்தில் இருக்கிறது. அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே ஒரு சிவன் கோயில். கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவர், புலையர் முதலிய சாதி மக்கள் நடக்கக் கூடாது. தெருவில் தடைப் பலகை நின்றது. மாடு போகலாம், நாய் போகலாம், மனிதன் போகக் கூடாது. 1924 மார்ச் 30 அன்று மூன்று தொண்டர்கள் அந்தப் பலகையை நோக்கி நடந்தார்கள். போலீசார் பிடித்தார்கள். அடுத்தடுத்தும் ஆட்கள் நடந்தார்கள். தலைவர்கள் சிறைக்குப் போனதும் பெரியாரைக் கூப்பிட்டார்கள். ஈரோட்டிலிருந்து பெரியார் போனார். இரண்டு முறை சிறைப்பட்டார். நாகம்மையாரும் போராடினார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் மூன்று எல்லோருக்கும் திறந்தன.

"அப்போ பலகையை எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஜனங்கள் சும்மா இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டார்கள்" என்றேன்.

எல்லாப் பலகையும் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. நமக்காகவே வைத்த பலகைகள் உண்டு. பொது இடத்தில் "புகை பிடிக்கக் கூடாது" என்ற பலகையைப் பாருங்கள். 2008 அக்டோபர் 2 முதல் உள்ள விதி அது. வெள்ளைப் பலகை, குறைந்தது 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். யாராவது புகை பிடித்தால் யாரிடம் புகார் செய்வது என்ற பெயரும் அங்கே எழுதியிருக்க வேண்டும். அதைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் காணோம்! ஸ்கேன் எடுக்கும் இடத்தில் இன்னொரு பலகை இருக்கும். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று அது சொல்லும். 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பின்னால் நிற்கிறது. நம் பெண் குழந்தைகளுக்காக நிற்கும் பலகை அது.

லிஃப்ட் பலகைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? மகன் விசாரித்தான். குடியிருப்போர் சங்கத்தில் நாலு பேர் பேசி வைத்தார்களாம். சங்கத்தின் விதி சங்க உறுப்பினர்களுக்கு. அந்த அம்மா உறுப்பினரே இல்லை. அவரிடம் எப்படி அபராதம் கேட்பார்கள்? இதைத்தான் மகன் சங்கக் கூட்டத்தில் கேட்டான். இரண்டு மணி நேரம் வாக்குவாதம். சிலர் மகன் பக்கம் பேசினார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முடிவு ஒன்றும் எடுக்கவில்லை.

நான் ஊர் திரும்பிய நாளில் பலகை அங்கேயேதான் இருந்தது. அந்த அம்மா என் பையைத் தூக்கிக்கொண்டு கீழே வரை வந்தார். "வேண்டாம், நானே தூக்குகிறேன்" என்றேன். கேட்கவில்லை. ஆட்டோ வந்தது. நான் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அவர் லிஃப்டுக்குள் நுழைந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.