நான்கு சக்கரங்களுக்கும் விசை

மணாலியிலிருந்து லாஹுல் பள்ளத்தாக்கிற்குச் செல்லும் வழியில் ரோத்தாங் கணவாயின் பனியைத் தவிர்ப்பதற்கென்றே அடல் சுரங்கம் குடையப்பட்டது. ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கம் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. ஆயினும் சுரங்கத்தின் வாயிலை அடையும் மலைச்சாலையில் பனி பெய்யத்தான் செய்கிறது. அத்தகைய நாட்களில், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிகளையும், டயரில் சங்கிலி பூட்டிய வண்டிகளையும் மட்டுமே காவலர் மேலே விடுவதுண்டு. அனுமதி பெற்றவர், தமக்கு இனி ஆபத்தில்லை என்று எண்ணிவிடுவது இயல்பு. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது?

நேயர்களே, நான்கு சக்கர இயக்கம் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பெயருக்குள் இருவேறு அமைப்புகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று பழைய ஜீப்பின் முறை. 1941 முதல் போருக்கென வில்லிஸ் கம்பெனியார் செய்த ஜீப், 1940களின் பிற்பகுதியில் பம்பாயில் மஹிந்திரா நிறுவனத்தாரால் இணைத்து விற்கப்பட்டு நம் நாட்டிற்கு அறிமுகமாயிற்று. அதில் சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டுமே உந்தும். ஓட்டுபவர் ஒரு லீவரை இழுத்தால் முன்சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். இன்றைய தார் வண்டியின் நான்கு சக்கர வகையிலும், ஜிம்னியிலும் இருப்பது இதே ஏற்பாடுதான்.

வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது நான்கு சக்கரங்களும் நான்கு வெவ்வேறு வட்டங்களில் உருளுகின்றன. இடச்சக்கரத்திற்கும் வலச்சக்கரத்திற்கும் உள்ள வேற்றுமையை டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பு சரிசெய்துவிடும். ஆனால் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் செல்லவேண்டியிருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? லீவரை இழுத்ததும் ஜீப்பின் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பிணைக்கப்படுகின்றன. இடையே டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றிலும் பனியிலும் டயர் சற்றே வழுக்கி அவ்வேற்றுமையைத் தீர்த்துக்கொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. ஆகவே தண்டுகள் முறுக்கேறுகின்றன, ஸ்டியரிங் கனக்கிறது, வண்டி விக்கி விக்கி நகர்கிறது. அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பல்சக்கரங்கள் உடையவும் கூடும்.

மற்றது, ஆல் வீல் டிரைவ் என வழங்குவது. 1966இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஜென்சன் எஃப்எஃப், 1980இல் ஜெனீவா கண்காட்சியில் தோன்றிய ஆடி குவாட்ரோ ஆகியவை இவ்வழியில் பேர்பெற்றவை. இவற்றில் இரு அச்சுகளுக்கும் நடுவே இன்னொரு டிஃபரன்ஷியல் உண்டு. எனவே எச்சாலையிலும் நான்கு சக்கரங்களும் எப்பொழுதும் உந்தலாம். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் அதற்குப் பதிலாக மின்னணுக் கருவி ஆளும் ஒரு கிளட்ச் அமைந்துள்ளது. முன்சக்கரம் வழுக்குவதை உணர்ந்ததும், கண்ணிமைக்கும் நேரத்தில் அது பின்சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்துவிடும்.

குளிர்கால மலைச்சாலையில் வெயில் படும் வளைவு உலர்ந்திருக்கும். நிழலில் கிடக்கும் அடுத்த வளைவு கண்ணாடிபோல் உறைந்திருக்கும். வளைவுக்கு வளைவு லீவரை இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்க யாரால் இயலும்? இங்கே ஆல் வீல் டிரைவே மேல் என்பது என் கருத்து. ஆனால் ஜெய்சல்மேரின் மணலில் வண்டி புதைந்துவிட்டால் தீர்ப்பு மாறும். ஜீப் வகையில் லோ கியர் ஒன்று உண்டு; அது வேகத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைத்து, இழுக்கும் வலிமையை இரண்டு, இரண்டரை மடங்காகப் பெருக்கும். மற்ற வகையில் இது அரிது. மேலும், மணலில் நெடுநேரம் உழன்றால் கிளட்ச் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள விசையையே விட்டுவிடும், அது மிகவும் தேவைப்படும் வேளை பார்த்து!

ஒன்றில் மட்டும் இரண்டிற்கும் ஏற்றமில்லை. பிரேக்கை அழுத்தும்போது, சாதாரணக் காரிலும் நான்கு சக்கரங்களும்தாம் தடுக்கின்றன. பனியில் வண்டியை நிறுத்துவது டயரின் பிடிப்பே. நான்கு சக்கர விசை ஏற்றத்தை எளிதாக்கிவிடுவதால், சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாமல் போகிறது, இறக்கத்தில் தெரியவரும். லோ கியர் இறங்கும் வேகத்தை அடக்க உதவும். சறுக்கத் தொடங்கிய வண்டியை நிறுத்தாது. ஜென்சனைச் செய்தவர்கள் இதை உணர்ந்தே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்கையும் அதில் சேர்த்திருந்தார்கள். ஆகையால் பனிக்குரிய டயரும் சங்கிலியும் எவ்வகை வண்டிக்கும் வேண்டும்.

லீவர் வண்டி வைத்திருப்பவர் உலர்ந்த சாலைக்கு வந்ததும் அதை இரு சக்கர நிலைக்குத் திருப்பிவிடுதல் வேண்டும். லீவர் சிக்கிக்கொண்டால் வலிந்து இழுக்கவேண்டாம். வண்டியைச் சில அடி தூரம் நேராகப் பின்னுக்கு ஓட்டினால் முறுக்குத் தளர்ந்து, அது எளிதில் விடுபடும்.