மார்கழியில் மதுரையைச் சுற்றி ஒரு வட்டம்



மதுரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மீனாட்சியம்மன் கோயிலைத் தரிசித்து, திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துவிட்டு, அன்று ராத்திரியே ரயில் ஏறிவிடுகிறார்கள். இன்றைக்கு நாம் ஊருக்குள் போகப்போவதில்லை. ஊரைச் சுற்றப் போகிறோம். கிழக்கே ஒத்தக்கடையில் தொடங்கி, திருமோகூர், திருவாதவூர், மேலூர், அரிட்டாபட்டி, மாங்குளம், கிடாரிப்பட்டி என்று வளைந்து, அழகர்கோயில் வழியாக மதுரைக்குத் திரும்பும் பாதை இது. மொத்தமும் நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். விடியலில் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேரலாம்.

போக வேண்டிய காலம் மார்கழி, இல்லாவிட்டால் தை. இந்தப் பாதையில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் பாறையின் மேல் இருக்கின்றன. சித்திரை வெயிலில் அந்தப் பாறையில் வெறுங்கால் வைக்க முடியாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்தபின், மார்கழிக் காலையில் இங்கே வெப்பம் இருபது டிகிரிக்கு இறங்கும், உச்சிவேளையிலும் முப்பதை ஒட்டித்தான் நிற்கும். கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும். வயலில் நெல் பொதி கட்டி நிற்கும்.

ஸ்காட்லாந்தில் குளிர்காலத்தில் காரை எடுத்துக்கொண்டு பழைய கிராமங்களையும் கோட்டைகளையும் தேடிப் போகும் பழக்கம் உண்டு. அங்கே எடின்பரோ நகரில் டிசம்பர் கடைசியில் பகல் என்பது ஏறக்குறைய ஏழு மணி நேரம்தான். பழைய கோட்டைகளில் பலவற்றைக் குளிர்காலத்துக்கென்று அடைத்தும்விடுவார்கள். அந்தச் சுருங்கிய பகலுக்குள்ளும் பனியில் வண்டி ஓட்டிப் போய் அவர்கள் தங்கள் பழமையைப் பார்க்கிறார்கள். நமக்கோ ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. நம் குன்றுகளுக்குக் கதவு கிடையாது. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதாலேயே நம்மில் பலர் அங்கே போனதில்லை.

சரி, கிளம்புவோம். மாட்டுத்தாவணியைத் தாண்டும்போது பூ மார்க்கெட்டில் மல்லிகை விலையைக் கேட்டுப் பாருங்கள். பனி விழுந்தால் மல்லிகை வரத்து குறையும். அதனால் மார்கழி, தை மாதங்களில் மதுரை மல்லியின் விலை உச்சத்துக்கு ஏறிவிடும். திருச்சி சாலையில் சிறிது தூரம் போனதும் இடப்பக்கம் யானைமலை தெரியும். துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் யானையின் உருவம், ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை. காலைப் பனி விலகும் நேரத்தில் பார்த்தால் முதலில் மத்தகம் தெரியும், பிறகு முதுகு.

ஒத்தக்கடையில் இடப்பக்கம் திரும்பினால் நரசிங்கம் என்கிற ஊர். மலையின் அடியில் பாறையைக் குடைந்து நரசிங்கப் பெருமாளுக்குக் கோயில் எடுத்திருக்கிறார்கள். கி.பி. 770இல், பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் காலத்தில், அவனுடைய அமைச்சர் மாறன் காரி தொடங்கிய வேலை இது. குடமுழுக்கு நடக்கும் முன்பே அவர் காலமாகிவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்து நீர் தெளித்தார். அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடித்த அந்தச் செய்தி வட்டெழுத்தில் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி லாடன் கோயில் என்று மக்கள் அழைக்கும் முருகன் குடைவரை. மலையின் மேலே சமண முனிவர்கள் தங்கிய குகையும் தீர்த்தங்கரர் உருவங்களும் இருக்கின்றன. அங்கே அச்சணந்தி என்ற பெயரைப் பார்ப்பீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த சமண ஆசான் அவர். இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் இன்னொரு மலையிலும் அவரைச் சந்திப்போம்.

திருச்சி சாலைக்குத் திரும்பி, அதைக் கடந்து தெற்கே போனால் திருமோகூர். நம்மாழ்வார் பாடிய திவ்யதேசம். பெருமாளுக்குக் காளமேகம் என்று பெயர். கார்மேகத்தைத் தெய்வமாக்கிக் கும்பிட்ட ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க, மழை முடிந்த இந்த மாதத்தைவிட நல்ல நேரம் கிடையாது. சாலையின் இரண்டு பக்கமும் பச்சை வயல், வாய்க்கால் கரையில் கொக்கும் நாரையும். இங்கிருந்து கிராமத்துச் சாலையிலேயே திருவாதவூருக்குப் போய்விடலாம்.

திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பாண்டியனுக்கு அமைச்சராக இருந்து, குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்தவர் என்பது மரபு. மார்கழி விடியலில் தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களிலெல்லாம் கேட்கிற திருவெம்பாவை அவர் பாடியது. அது கடல் தாண்டியும் போயிருக்கிறது. தாய்லாந்தில் அரசவைப் பிராமணர்கள் இதே பருவத்தில் நடத்தும் விழாவுக்குத் திரியம்பாவை என்று பெயர். பாங்காக்கில் அந்த விழாவுக்கென்று நிறுத்திய பெரிய ஊஞ்சலின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்த பாட்டின் ஆசிரியர் பிறந்த மண்ணுக்கு, மதுரையிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே வந்துவிடலாம். திருமறைநாதர் கோயிலில் விடிகாலைப் பூசைக்கு வந்து நின்று பாருங்கள். வாசலில் சாணிப் பிள்ளையாரில் பூசணிப்பூ செருகிய கோலங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும்.

திருவாதவூரிலிருந்து மேலூர் வரைக்கும் வழியெல்லாம் கரும்பும் நெல்லும். பொங்கலுக்கு நாம் வாசலில் சாத்தும் செங்கரும்பில் நல்ல பங்கு மேலூர் வட்டாரத்தில் விளைகிறது. மார்கழி கடைசியில் போனால் வெட்டிக் கட்டுக் கட்டாக லாரியில் ஏற்றுவதைப் பார்க்கலாம். இந்த வயல்களில் பலவற்றுக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே அரபிக் கடலுக்குப் போன ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. அந்தத் தண்ணீர் வைகையில் கலந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக இங்கே வருகிறது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். ஒருபோகத்துக்காரர்களுக்கு இந்த ஒரு விளைச்சல்தான் வருஷம் முழுக்கச் சோறு. அதனால் தை மாதத்தில் சாலையோரத்தில் வைக்கோலோ நெல்லோ காய்ந்துகொண்டிருந்தால் வண்டியை ஓரம் கட்டி நிதானமாகப் போங்கள்.

மேலூரைத் தாண்டி மேற்கே திரும்பினால் அரிட்டாபட்டி. இந்தப் பயணத்தில் அதிக நேரம் தங்க வேண்டிய இடம் இதுதான். ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். ஒரு குன்றில் சிவனுக்குக் குடைவரை. அதன் பக்கத்தில் சைவ ஆசான் லகுலீசரின் சிற்பம், தமிழ்நாட்டில் அபூர்வமாகக் காணக் கிடைப்பது. கழிஞ்சமலையில் தமிழி என்னும் தமிழ் பிராமி எழுத்தும் சமணப் படுக்கைகளும், அவற்றோடு பிற்காலத்து வட்டெழுத்தும் தீர்த்தங்கரர் உருவமும். தமிழிக்கும் வட்டெழுத்துக்கும் நடுவில் ஏறக்குறைய ஆயிரம் வருஷம் இடைவெளி. அந்த ஆயிரம் வருஷமும் ஒரே பாறையில் இருக்கிறது. பாறையில் பெய்த மழை சுனையில் தேங்கி, ஓடையில் இறங்கி, கண்மாய்க்கு வருகிறது. பாறை உச்சியில் ராஜாளியும் லகுடு வல்லூறும் கூடு கட்டுகின்றன. தேவாங்கு உண்டு, எறும்புத்தின்னி உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் அடுத்துள்ள மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், இந்த ஊர்களை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. ஐயாயிரம் ஏக்கர் அளவுக்கான திட்டம். அந்தக் குளிர்காலம் முழுவதும் மேலூர் வட்டாரம் தூங்கவில்லை. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பக்கத்திலிருந்து விவசாயிகள் பெருந்திரளாக மதுரைக்கு வந்தார்கள். ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. இதற்கு முன்னும் 2010இல், யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் பேச்சுக்கு வந்தபோது, அந்த மலையடி மக்கள்தான் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். இந்தக் குன்றுகளில் நாம் இன்று படிக்கிற ஒவ்வோர் எழுத்தும், பாறை உடைபடாமல் நின்றதால் கிடைத்தது. பாறையை நிறுத்தியவர்கள் அதன் நிழலில் ஆடு மேய்க்கிறவர்கள், அதன் தண்ணீரில் நடவு நடுகிறவர்கள். பாரம்பரியத்தைக் காப்பது யார் என்று பிள்ளைகள் கேட்டால், அரிட்டாபட்டியைக் காட்டி இவர்கள்தான் என்று சொல்லுங்கள்.

அடுத்தது மாங்குளம், மீனாட்சிபுரம் மலை. 1882இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவல் இங்கே பாறையில் எழுத்து இருப்பதைக் கண்டார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகே அது தமிழ் என்று தெளிந்தது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதில் நெடுஞ்செழியன் என்ற பெயரைப் படித்தபோது, சங்கப் பாட்டில் மட்டும் கேட்ட பாண்டியர் பெயர் கல்லிலும் இருப்பது உறுதியாயிற்று. காலம், கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டை ஒட்டி. கணிநந்தன் என்ற முனிவருக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி அது. வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவினரும் அங்கே கொடை கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் வெள்ளரிப்பட்டியே அந்த வெள்ளறை என்பது ஆய்வாளர்கள் கருத்து.

மாலை வெயில் சாயும்போது கிடாரிப்பட்டியில் இருங்கள். அழகர்மலைத் தொடரின் ஒரு முனை இது. படியேறினால் பெரிய குகைத்தளம். பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பதைக் கவனியுங்கள். மழைநீர் உள்ளே வழியாமல் அந்தக் காடியிலேயே ஓடி வெளியே விழும். நடந்துகொண்டே இருக்க வேண்டிய சமணத் துறவிகள் மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்குவார்கள், அதற்காகச் செய்த ஏற்பாடு. செய்து கொடுத்தவர்கள் யார் என்று கல்லே சொல்கிறது. உப்பு விற்றவர், துணி விற்றவர், ஏர்க்கொழு விற்றவர், மதுரைப் பொற்கொல்லர். ராஜா பெயர் இல்லாமல், சந்தையில் கடை போட்டிருந்தவர்கள் பெயரை இரண்டாயிரம் வருஷமாக வைத்திருக்கும் பாறை இது. பக்கத்தில் ஒரு தீர்த்தங்கரர். அடியில் அச்சணந்தி பெயர். காலையில் யானைமலையில் பார்த்த அதே ஆசான்.

கடைசி நிறுத்தம் அழகர்கோயில். ஆழ்வார்களின் திருமாலிருஞ்சோலை. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தருவதாக ஆண்டாள் வேண்டிக்கொண்டது இந்த அழகருக்குத்தான். அந்த நேர்த்திக்கடனைப் பின்னாளில் ராமானுஜர் செலுத்தினார் என்பது வைணவ மரபு. மார்கழி 27ஆம் நாள், கூடாரவல்லியன்று, அந்த நினைவில் அக்காரவடிசில் படைப்பார்கள். ஆக, மார்கழியில் நாம் கேட்கும் இரண்டு பாவைகளில் ஒன்றைப் பாடியவர் இந்த வட்டத்தில் பிறந்தார், மற்றதைப் பாடியவர் இந்த வட்டத்துக்கு நேர்ந்துகொண்டார். பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதியில் சந்தனம் பூசிய கதவைக் கும்பிட்டுவிட்டு, நெய்யில் வேகும் அழகர்கோயில் தோசையை வாங்கிச் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகு மதுரைக்கு இருபத்தோரு கிலோமீட்டர்தான்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் மேற்கே கீழக்குயில்குடிச் சமணமலை, தென்கிழக்கே 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம். தைப்பூசத்தன்று இருக்க முடிந்தால் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சொக்கரும் தெப்பம் ஏறுவதைப் பாருங்கள். ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும். வாடிவாசலுக்குப் போகாதவர்கள் அந்த நாட்களில் அந்தப் பக்கத்துச் சாலைகளைத் தவிர்ப்பது நல்லது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விடியலில் பனி மூட்டம் இருந்தால் விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டுங்கள். பழனிக்கு நடந்து போகிறவர்கள் இருட்டிலேயே சாலையோரம் வருவார்கள். குடிதண்ணீரும் பிடிமானமுள்ள செருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். காலியான பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், பெயர் எழுதாதீர்கள். மலையேறும் முன் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்து, வழி கேளுங்கள். எந்தச் சுனை ஆழம், எந்தப் படி வழுக்கும், எந்தச் சாமிக்குச் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். கரும்போ பனங்கிழங்கோ மொச்சையோ, வாங்குவதை அந்த ஊரிலேயே வாங்குங்கள்.

வெளியூர்க்காரர்களைவிட மதுரைக்காரர்களையே இந்தப் பாதைக்கு முதலில் அழைக்கிறேன். ஒரு குன்றுக்கு ஆபத்து என்று நாளை செய்தி வந்தால், அதை ஒரு முறையாவது ஏறிப் பார்த்தவர்தான் அந்த ஊர்க்காரர்களோடு போய் நிற்பார். ஆகவே இந்தத் தை விடுமுறையில் பிள்ளைகளை வண்டியில் ஏற்றுங்கள். அரிட்டாபட்டியிலோ மாங்குளத்திலோ இறக்கிவிட்டு, அந்த எழுத்தைக் கைபடாமல் காட்டி, இது நம் எழுத்து என்று சொல்லுங்கள்.