கனவில் ஓட்டும் பழைய போர் விமானம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் மொழியைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இம்முறை பழைய போர் விமானங்களைப் பற்றி எங்களைப் பேசவைத்தவர்கள் நம் குடியிருப்பின் பிள்ளைகளே ஆவர். பாறசாலையிலும், நெய்யாற்றின்கரையைச் சூழ்ந்த எல்லைச் சிற்றூர்களிலும் பிழைப்பு நாடி வந்து குடியமர்ந்த நம் வீடுகளில், மாலையில் பாடப் புத்தகம் மூடியவுடன் கணிப்பொறி திறக்கிறது. அதில் 'பிளைட் சிமுலேட்டர்' என்னும் விமானம் ஓட்டும் பாவனை நடைபெறுகிறது. இதனை வெறும் விளையாட்டென்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. காற்றின் திசை, எரிபொருளின் அளவு, இறக்கையின் சாய்வு ஆகிய யாவற்றையும் கணக்கிட்டே ஓட்டவேண்டும். கணக்குப் பிசகினால் விமானம் விழுந்துவிடும்.

எந்த விமானத்தை ஓட்டிப் பார்க்க ஆசை என்று பிள்ளைகளைக் கேட்டோம். ஒருவன் ஸ்பிட்பயர் என்றான். மற்றொருவன் மஸ்டாங் என்றான். ஒரு பெண், ஜப்பானியரின் ஜீரோ என்றாள். எல்லாம் ஒற்றை ஆள் ஏறிச் சென்று எதிரியைச் சுட்டு வீழ்த்தும் விமானங்கள். பெற்றோர் சிலர் முகம் சுளித்தனர். சுடுவதைத் தவிர வேறு எதனையும் பிள்ளைகள் கற்கவில்லையே என்பது அவர்களது குறை. அக்குறையில் நியாயம் உண்டு. ஆயினும் கணிப்பொறியை அணைத்துவிடுவது அதற்கு மருந்தன்று. வேறு விமானம் ஒன்றை அறிமுகம் செய்துவைப்பதே மருந்து என்று கருதுகிறோம்.

ஸ்பிட்பயரின் அழகை யாரே மறுப்பர்? அதற்கும் நமக்கும் ஓர் உறவுகூட உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் 79, 234, 264 ஆகிய எண்களைக் கொண்ட ஸ்குவாட்ரன்கள் 'மதராஸ் மாகாணம்' என்னும் பெயரைத் தாங்கியிருந்தன. அவற்றுள் 234ஆம் பிரிவு ஸ்பிட்பயர் ஓட்டிய பிரிவு. ஆனால் அந்த ஸ்பிட்பயர்கள் பறந்தது ஐரோப்பிய வானத்தில். நெய்யாறு பூவாற்றருகே சென்று கலக்கிறதே அந்தக் கடலை, அதன் தென்பரப்பைக் காவல் காத்த விமானம் வேறு. கேட்டலைனா என்பது அதன் பெயர்.

பார்ப்பதற்கு அது அழகிய பறவையன்று. படகு ஒன்றின் உடல். அதன்மேல் தூண் நட்டாற்போல ஒரு மேடை. அம்மேடைமீது 104 அடி நீளத்தில் ஒரே இறக்கை. அதில் இரண்டு எஞ்சின்கள். முதுகுப்புறத்தில் இரு பக்கமும் கண்ணாடிக் குமிழிகள் புடைத்திருக்கும். அங்கிருந்து கடலை உற்றுப் பார்ப்பார்கள். நீரில் இறங்கும்போது இறக்கையின் இரு நுனிகளும் மடங்கி இறங்கி மிதவைகளாகிவிடும். 1935இல் முதன்முதல் பறந்தது. வேகமோ மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். வேகத்தில் இல்லாதது பொறுமையில் இருந்தது. ஒருமுறை எழுந்தால் ஒரு பகலும் ஓர் இரவும் இறங்காமல் பறக்கவல்லது.

1942ஆம் ஆண்டின் தொடக்கத்தை எண்ணிப் பாருங்கள். பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூனும் அந்தமானும் ஜப்பானியர் வசமாயின. அடுத்தது இலங்கையோ, சென்னையோ என்று தென்னாடு நடுங்கியது. இலங்கையின் தென்கோடியில், காலி நகரை அடுத்த கொக்கல ஏரியில் கேட்டலைனாக்கள் நின்றன. ஏப்ரல் 4ஆம் நாள், கனடா நாட்டு விமானி லியனார்டு பர்ச்சால் ஒன்பது பேரோடு கூடிய கேட்டலைனாவில் காவல் பறந்துகொண்டிருந்தார். பொழுது சாயும் நேரம். தெற்கே ஏறத்தாழ 560 கிலோமீட்டர் தொலைவில் கப்பல்கள் சில புள்ளிகளாகத் தெரிந்தன. அருகே சென்று பார்த்தார். ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களைக் கொண்ட ஜப்பானியப் பெரும்படை! திரும்பி ஓட வழியில்லை. கப்பல்களிலிருந்து எழுந்த ஜீரோ விமானங்கள் சூழ்ந்து சுட, அதற்கிடையே வானொலியில் செய்தி சென்றது. பின்னர் விமானம் கடலில் விழுந்தது. மூவர் மாண்டனர், பர்ச்சால் உள்ளிட்ட அறுவர் போர் முடியும்வரை சிறையில் வாடினர்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தன. ஆனால் செய்தி முன்னரே எட்டியிருந்தமையால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல வெளியேறியிருந்தன. அழிவு இல்லையென்று சொல்லோம். அன்றே இரு பிரிட்டிஷ் குரூசர்கள் கடலில் மூழ்கின, 9ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டது. எனினும் முன்னறிவிப்பு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பர்ச்சாலை 'இலங்கையைக் காத்தவர்' என்று பிற்காலத்தார் அழைத்தது இதனால்தான். ஜீரோவை விரும்பும் நம் பெண் குழந்தை, ஜீரோவின் முன்னே அகப்பட்ட அந்த ஒன்பது பேரையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

சென்னைக்கு வடக்கே, நகரத்தார் குடிநீர் பருகும் செங்குன்றம் ஏரியிலும் இக்கேட்டலைனாக்கள் இறங்கி ஏறின. 240ஆம் ஸ்குவாட்ரனுக்கு அந்த ஏரியே விமானத் துறை.

இன்னொரு செய்தி பிள்ளைகளுக்கு இனிக்கும். ஜப்பானியர் கீழ்த்திசையை மறித்ததால் ஆஸ்திரேலியாவிற்கும் இங்கிலாந்திற்கும் வான்வழி அற்றுப்போயிற்று. 1943இல் குவாண்டாஸ் நிறுவனத்தார் ஐந்து கேட்டலைனாக்களைக் கொண்டு, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் கொக்கல ஏரிக்கும் இடையே நேர்வழி கண்டனர். 5,600 கிலோமீட்டர், நடுவே இறங்க ஓர் இடமில்லை. எரிபொருளின் பாரத்தால் பயணிகள் மூவருக்கே இடம். எதிரி கேட்டுவிடுவான் என்று வானொலியையும் மௌனமாக்கிவிட்டு, விண்மீன்களைப் பார்த்தே திசை அறிந்தனர். பயணம் 27 மணி நேரத்துக்குக் குறைவதில்லை. ஒருமுறை 32 மணி நேரமும் கடந்தது. ஒரே பயணத்தில் சூரியோதயம் இருமுறை கண்டதால், 'இரட்டை உதயம்' கண்டவர் என்று பயணிகளுக்குப் பத்திரம் வழங்கினர். 1945 ஜூலைவரை 271 பயணங்கள். ஓர் உயிர்கூடச் சேதமில்லை.

அவ்வைந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயரையே சூட்டியிருந்தனர். ஆல்டேர் என்றது வேறொன்றுமன்று, நாம் அண்டை வீட்டாரோடு சேர்ந்து பூக்கோலமிடும் திருவோணந்தான். ஸ்பைகா நம் சித்திரை, அண்டாரெஸ் கேட்டை, வேகா அபிஜித், ரைகல், திருவாதிரை ஒளிரும் அதே மீன்கூட்டத்தின் பாதம். இத்துணைச் சேவை புரிந்த ஐந்தும் போர் முடிந்தபின் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. அமெரிக்காவிடம் இரவலாகப் பெற்றவை, உடன்படிக்கை அப்படி. மூவாயிரத்துக்கு மேல் கட்டப்பட்ட கேட்டலைனாக்களில் இன்று பறக்கும் நிலையில் உள்ளவை மிகச் சிலவே. ஆகையால் நம் பிள்ளைகள் மெய்யான கேட்டலைனாவில் அமர்வது அரிது. பாவனையில் அமரத் தடை என்ன?

ஒரு பயணம் சொல்கிறோம். சக்கரம் பூட்டிய கேட்டலைனாவும் உண்டு; அதனைத் திருவனந்தபுரத்து ஓடுபாதையிலிருந்து எழுப்புங்கள். தென்கிழக்கே திரும்பினால் விழிஞ்சமும் பூவாறும் இடப்புறமாகக் கடந்துபோகும். நம் வீடுகள் அதற்கும் உள்ளே, தென்னந்தோப்புகளில் மறைந்திருக்கும். கன்னியாகுமரியைத் தாண்டினால் தண்ணீரன்றி வேறில்லை. கொக்கலவரை மொத்தம் 460 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரத்துக்குள் சேரலாம். பெற்றோரும் அருகமர்ந்து, கண்ணாடிக் குமிழியின் வழியே கடலைப் பார்த்து வரலாம். ஏரி கண்ணிற் பட்டதும் வேகத்தைத் தணித்து, மிதவைகளை இறக்குங்கள். சக்கரங்களை மட்டும் இறக்கிவிடாதீர்கள், நீரில் மூக்குக் குப்புறக் கவிழ்ந்துவிடும்.