பழைய மோட்டார் சைக்கிளின் அதிர்வு தாங்கிகள்

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



சென்னையில் உருவாக்கிய 'புல்லட்' மோட்டார் சைக்கிள்களுள் பழையவை பல இன்றும் நம் கிராமங்களில் பால் கேனும் உர மூட்டையும் சுமந்து ஓடுகின்றன. எஞ்சினைப் பேணும் நாம், 'ஷாக் அப்சார்பர்' என்னும் அதிர்வு தாங்கிகளை மறந்துவிடுகிறோம். அவை உடல் நோகாதிருப்பதற்கு மட்டும் அமைந்தவை அல்ல. சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் காப்பவையும் அவையே. எழும்பிய சக்கரத்தில் பிரேக் பயன்படாது.

சோதனை எளிது. முன் பிரேக்கைப் பிடித்தவாறு கைப்பிடியை அழுத்தி விட வேண்டும். வண்டி ஒரு முறை எழுந்து நிலைத்தால் நலம். மேலும் கீழும் ஆடினால் முன் ஃபோர்க்கில் ஆயில் குறைந்தோ கெட்டோ இருக்கலாம். குழாயில் ஆயில் கசிந்தால் சீல் தேய்ந்துவிட்டது என அறியலாம். பின்னர் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ்களும் சக்கர பேரிங்கும் கவனிக்கத்தக்கவை.

செப்பனிடும்போது ஃபோர்க்கின் இரு கால்களிலும் பழைய ஆயிலை முற்றும் வடித்து, கம்பெனிக் கையேட்டில் கண்ட ரகத்தை, கண்ட அளவில், சமமாக ஊற்றுதல் அவசியம். குழாயில் துருக்குழி இருந்தால் புதுச் சீலும் விரைவில் கிழியும். ஆதலால் முதலில் குழாயைச் சீராக்க வேண்டும். பின்புறத் தாங்கிகளை இணையாகவே மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியின்றி அதனைக் கழற்ற முயலலாகாது. தெறித்தால் பெரும் ஆபத்து.

பாதையைச் செப்பனிடுவது ஊராட்சியின் கடமை. வண்டியைச் செப்பனிடுவது நம் ஒவ்வொருவரின் கடமை. இரண்டும் நிறைவேறினால்தான் சந்தைக்குச் சென்றவர் நலமாக வீடு திரும்புவார்.