பால் குறையும் மாதத்தில் தேன்

(ஜொகூர் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நம் வீட்டுக் கணக்கு என்ன ஆகிறதென்று நான் சொல்ல வேண்டியதில்லை. பால் குறைகிறது; வருமானம் குறைகிறது; கடைக்காரர் பற்றுப் புத்தகம் மட்டும் குறைவதில்லை! ஆனால் அந்த நாளிலேயே அதே மரம் வேறொன்றைத் தருகிறது. நாம்தான் அதைக் கண்டுகொள்வதில்லை.

புதுத்தளிர் விட்டதும், காம்பில் மூன்று இலைகள் சேருமிடத்தைப் பாருங்கள். அங்கே சிறு சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். இரப்பர்த் தேன் பெரும்பாலும் அதிலிருந்து வருவதே, பூவிலிருந்து அன்று.

இது வெறும் பேச்சன்று. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. 1920களிலேயே கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. இன்றும் அவ்வட்டாரத்துத் தேனில் பெரும்பகுதி இரப்பர்த் தோட்டங்களில் கிடைப்பதே. நம் ஜொகூரிலும், 1980களில் பத்து பகாட் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்கள் பெட்டி வைத்துத் தேனெடுத்தார்கள்.

தென்னையை ஏன் சொல்கிறேன்? தளிரில் ஊறும் நீரில் மகரந்தம் இல்லை. மகரந்தம் இல்லாமல் குஞ்சு வளராது. தென்னையோ ஆண்டு முழுதும் பூக்கிறது. இரண்டும் அருகருகே நிற்குமிடமே பெட்டிக்கு ஏற்ற இடம்.

தேனீயை விலைக்கு வாங்க வேண்டுமென்பதில்லை. பெட்டியில் தேன்மெழுகு தடவி நிழலில் வைத்தால், பிரிந்துவரும் கூட்டம் தானே குடியேறக்கூடும். மரப்பொந்தில் கூடு இருந்தால், மாலையில் இலேசாகப் புகைகாட்டி, அடைகளை அறுத்துச் சட்டத்தில் வாழைநாரால் கட்டுங்கள். இராணியைப் பெட்டியில் சேர்த்துவிட்டால் கூட்டம் பின்னால் வரும். சில நாள் சர்க்கரைப்பாகு வையுங்கள், பசித்தால் ஓடிவிடும். முதல் முறை பழகியவரோடு செல்லுங்கள். உயரத்தில் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீயை மட்டும் நெருங்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

கடன் வாங்கிப் பத்துப் பெட்டி வைக்கவும் வேண்டாம். 1991, 1992ஆம் ஆண்டுகளில் குஞ்சுகளைக் கொல்லும் நச்சுயிரி நோய் பரவி, கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் பெரும்பாலான பெட்டிகள் காலியாயின. இரண்டு பெட்டியில் தொடங்குங்கள்.

பல தோட்டங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. இரப்பர் நிற்குமிடத்தில் இருப்போர், பெட்டி வைக்க நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் கேளுங்கள். பூச்சிமருந்து தெளிக்கும் நாளை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லுங்கள். தனியாளாகக் கேட்க வேண்டாம். கிளையின் மூலம் கேளுங்கள்.

இறுதியாக ஒன்று. தேன் கைச்செலவுக்கு உதவும்; கூலிக்கு ஈடாகாது. "உங்களுக்குத்தான் தேன் வருமானம் இருக்கிறதே" என்று சொல்லி எவரும் கூலியைக் குறைத்துப் பேச இடங்கொடாதீர்கள். தேனீயும் தன் கூட்டைக் கூடித்தான் காக்கிறது.