கொத்தமல்லித் தழையும் ரத்தம் உறையா மாத்திரையும்

சடையங்குப்பத்தில் காய்கறி வாங்கினால் கொசுறாகக் கொத்தமல்லித் தழை கேட்போம். ரசத்தில் கிள்ளிப் போடுகிற அளவு பெரும்பாலானோரை ஒன்றும் செய்யாது. ஆனால் இதய வால்வு மாற்றியபின் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். 100 கிராம் தழையில் சுமார் 310 மைக்ரோகிராம் வைட்டமின் கே உண்டு. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கல்லீரல் உருவாக்க உதவுவது அதுதான். திடீரென்று தினமும் டம்ளர் டம்ளராகத் தழைச்சாறு குடித்தால் மாத்திரையின் பலன் குறையும். வால்வில் ரத்தம் கட்டலாம். பயந்து கீரை, தழை எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினாலோ ரத்தக்கசிவு வரலாம். வழக்கமான அளவை மாற்றாதீர்கள். சாறு குடிக்க ஆசையிருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று, ஆலைக்கழிவு ஓடும் கால்வாயோரம் விளைந்த தழையை வாங்க வேண்டாம். வேர் உறிஞ்சிய ஈயம் எத்தனை முறை அலசினாலும் போகாது.