பொறையாற்றில் எழுத்து வார்த்தவர்



நான் குரும்பலூர்க்காரன். பெரம்பலூரிலிருந்து துறையூர் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற சீமை. இன்று இந்தத் தமிழ்ச் சங்கத்தில் உங்கள் முன் இரண்டு ஜெர்மானியர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒருவர் நீங்கள் வாழும் இந்த மினசோட்டாவுக்குப் பிழைக்க வந்தவர். இன்னொருவர் அவருக்கும் ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னே எங்கள் சோழநாட்டுக் கடற்கரைக்கு வந்தவர். இருவருமே கைத்தொழில்காரர்கள்.

முதலாமவர் ஆகஸ்ட் ஷெல். மினியாபொலிசுக்குத் தென்மேற்கே இருக்கும் நியூ அல்ம் ஊருக்குப் போயிருப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1828இல் ஜெர்மனியின் டுர்பாக் என்ற சிற்றூரில் பிறந்தவர், 1848இல் கப்பலேறினார். நியூ ஆர்லியன்ஸ், சின்சினாட்டி என்று அலைந்து கடைசியில் நியூ அல்மில் கால் ஊன்றினார். பீர் வடிப்பது அவர் கற்ற தொழில் இல்லை. அவர் இயந்திரக் கைவினைஞர், மாவு மில்லில் வேலை பார்த்தவர். ஊரெல்லாம் ஜெர்மானியர், அவர்கள் சொந்த ஊரில் குடித்த பீர் அங்கே கிடைக்கவில்லை. தொழில் தெரிந்த ஜேக்கப் பெர்ன்ஹார்ட் என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு 1860இல் காட்டன்வுட் ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஆலையைத் தொடங்கினார்.

இரண்டே ஆண்டில் போர் வந்தது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான டக்கோட்டா மக்களின் நிலத்தை எடுத்துக்கொண்ட அரசு, தருவதாக ஒப்புக்கொண்ட பணத்தைக் காலத்தில் தரவில்லை. பசி தாங்காமல் அவர்கள் எழுந்தார்கள். நியூ அல்மின் பெரும்பகுதி எரிந்தது. ஷெல்லின் ஆலை தப்பியது. அவர் மனைவி தெரசா டக்கோட்டா மக்களுக்கு உணவு கொடுத்து வந்தவர், அதனால்தான் தப்பியது என்று சொல்லி வருகிறார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவில் 38 டக்கோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். குடியேறியவரின் கதையைச் சொல்லும்போது, யாருடைய மண்ணில் குடியேறினார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஷெல் 1891இல் இறந்தார். 1920 முதல் 1933 வரை இந்நாட்டில் மதுவிலக்கு இருந்தபோது, போதை நீக்கிய பானமும் மிட்டாயும் விற்று ஆலை பிழைத்தது. இன்றும் அவர் வழிவந்தவர்களே நடத்துகிறார்கள். குடியால் அழிந்த குடும்பங்களை எங்கள் பக்கம் நிறையப் பார்த்தவன் நான்; அந்தச் சரக்கைப் புகழ இங்கே வரவில்லை. ஒரு மில் தொழிலாளி எங்கே பிறந்தார், எந்த வழியாக வந்தார், யாரைக் கூட்டுச் சேர்த்தார், அவர் மனைவி என்ன செய்தார் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதைச் சொல்ல வந்தேன்.

இனி எங்கள் பக்கத்து ஜெர்மானியர். பெயர் யோகான் காட்லீப் ஆட்லர். அவர் வந்து இறங்கியது டேனியர் வசம் இருந்த தரங்கம்பாடியில். அந்த ஊர் என்றதும் நமக்கு அங்கே சமயப் பணிக்கு வந்த சீகன்பால்கு நினைவுக்கு வருவார். 1706இல் வந்தவர், தமிழ் கற்றவர், அச்சுக்கூடம் கண்டவர். ஆனால் சீகன்பால்கு அச்சுத் தொழிலாளி இல்லையே! அந்தக் கூடத்தில் இரும்பையும் ஈயத்தையும் தொட்டு வேலை செய்தவர்கள் யார்?

லண்டனிலிருந்து ஒரு கிறித்தவச் சங்கம் அச்சு எந்திரத்தையும், யோனாஸ் ஃபின்க் என்ற அச்சுத் தொழிலாளியையும் அனுப்பி வைத்தது. வழியில் பிரேசில் கரையோரம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். எந்திரம் ஒருவழியாகத் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது, ஃபின்க் வரவில்லை. நன்னம்பிக்கை முனைக்குப் போகும் கடலில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். டேனியக் கோட்டைச் சிப்பாய்களில் அச்சு வேலை தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துத்தான் 1712இல் போர்த்துகீசிய மொழியில் முதல் தாள்களை அச்சிட்டார்கள்.

தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்டன. தமிழ் தெரியாத கைகள், கடல் கடந்து வந்த மாதிரித் தாள்களைப் பார்த்தே வார்த்த எழுத்துகள். அவற்றை எடுத்துக்கொண்டு 1713இல் ஆட்லர் வந்து இறங்கினார். கூடவே பதினான்கு வயதுத் தம்பி. தமிழில் அச்சு 1578இலேயே கொல்லத்தில் வந்துவிட்டது, ஆனால் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தத் தொழில் அற்றுப்போயிருந்தது. மறுபடி உயிர் வந்தது ஆட்லர் இறங்கிய அந்த ஆண்டில்தான்.

வந்தபின் ஒரு சிக்கல். ஹாலே எழுத்துகள் மிகப் பெரியவை. புதிய ஏற்பாடு முழுவதையும் அந்த அளவில் அச்சிட்டால் இருக்கிற காகிதம் போதாது. ஆட்லர் அருகே பொறையாற்றில் சிறிய எழுத்துகளைப் புதிதாக வார்த்தார். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து உணவுக்காக வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கினார்கள். 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அதே பொறையாற்றில் காகித ஆலையும் போட்டுப் பார்த்தார்கள். அது நெடுநாள் ஓடவில்லை. ஆனால் எழுத்து வார்க்கும் வேலை தமிழ் மண்ணிலேயே நடக்க முடியும் என்று அந்த மூடிகளை உருக்கிய அடுப்பு காட்டிவிட்டது.

அதே காலத்தில் எங்கள் அரியலூர்ச் சீமையில், கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில், இன்னொரு ஐரோப்பியர் இருந்தார். வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்தவர்; அரியலூர் மழவராயர் கொடுத்த நிலத்தில் கோயில் கட்டியவர். லுத்தரன் சபையைச் சேர்ந்த தரங்கம்பாடிக்காரர்களுக்கும் கத்தோலிக்கரான அவருக்கும் சமயச் சண்டை. அவர்களைக் கண்டித்து அவர் நூல்களே எழுதினார். அவர்களிடம் அச்சு இருந்தது, இவரிடம் ஓலைதான். ஆனால் இவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டு வெளியிட்டது யார் தெரியுமா? அந்தத் தரங்கம்பாடி அச்சுக்கூடம்தான்! எதிராளியின் நூல் என்றாலும் நல்ல நூல் என்று எழுத்துக் கோத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

முனிவரைத் தமிழகம் கொண்டாடுகிறது, சீகன்பால்குவையும் கொண்டாடுகிறது. ஆட்லர் பெயரை ஆய்வாளர்களைத் தவிர யார் சொல்கிறோம்? அவராவது கடிதங்களில் இருக்கிறார். ஹாலேயில் அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவரோடு நின்று வேலை கற்று, எழுத்துக் கோத்து, தாள் இழுத்த தமிழர்களின் பெயர்கள் எங்கே? நம் மொழியின் புத்தகம் அவர்கள் விரல் வழியாக வந்தது. அந்த விரல்களுக்குப் பெயர் இல்லாமல் விட்டுவிட்டோம் என்பது எனக்குப் பெரிய வலி.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? எங்கள் மாவட்டத்தில் லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் வந்து பாருங்கள். வளைகுடாவுக்குப் போன ஆள் இல்லாத தெரு அரிது. கொத்தனார், எலக்ட்ரீஷியன், டிரைவர், சமையல்காரர். முப்பது வருடம் பாலைவனத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்பித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இறந்தால் அந்த வாழ்வும் கூடப் போய்விடும். இங்கேயும் அப்படித்தான். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்களின் கதையை நாம் மேடையில் கேட்கிறோம். இந்த நகரத்தில் முதன்முதலில் மளிகைக் கடை போட்ட தமிழர் யார், ஹோட்டல் அடுப்படியில் நின்றவர் யார், கோயிலுக்குக் கல் செதுக்க வந்த ஸ்தபதியோடு வந்த சிற்பிகள் யார்?

உங்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழா மலரில் பத்துப் பக்கத்தை இவர்களுக்கு ஒதுக்குங்கள். சங்கத்தின் பிள்ளைகள் போய்க் கேட்கட்டும்: எந்த ஊர், யாரிடம் தொழில் படித்தீர்கள், இங்கே வந்தபின் அந்தத் தொழிலில் எதை மாற்ற வேண்டியிருந்தது, உங்களோடு வேலை செய்தவர்கள் யார் யார். கடைசிக் கேள்வியை மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள், பெயர்களைப் பிழையில்லாமல் எழுதச் சொல்லுங்கள். குரும்பலூரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. ஊர் போனதும் அந்த மாணவர்களிடம் இதே கேள்விகளைக் கொடுத்து, வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் வீடுகளுக்கு அனுப்பச் சொல்லி ஆசிரியர்களைக் கேட்கப் போகிறேன். இரண்டு பக்கமும் எழுதியவை சேர்ந்தால் ஒரே மலராகப் போடலாம். அச்சுச் செலவில் ஒரு பங்கை நான் ஏற்கிறேன்.